செரங்கெட்டிப் புல்வெளிக்கு என்ன வயது?

வில்டபீஸ்ட் என்ற இரலையின் மந்தை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. கரையில் ஆயிரக்கணக்கில் வந்து தயங்கி நிற்கும். திடீரென்று ஒன்று குதிக்கும், அப்புறம் எல்லாம் குதிக்கும். கலங்கல் தண்ணீரிலிருந்து முதலை வாயைப் பிளக்கும். பின்னணியில் முரசு வேறு அடிப்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் காடு என்றதும் நம்மில் பலருக்கு மனதில் ஓடுவது இந்த இரண்டு நிமிடம்தான்.

ஆனால் செரங்கெட்டியில் சாகும் வில்டபீஸ்ட்டுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு முதலையாலோ சிங்கத்தாலோ சாவதில்லை. நாற்பது ஆண்டுக் கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1999-இல் இதைக் காட்டியது. மழையில்லாத மாதங்களில் சத்தில்லாத காய்ந்த புல்லைத் தின்று, உடல் வற்றித்தான் அவை சாகின்றன. ஆகவே முதலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் புல்லைப் பார்ப்போம். அந்த நிலத்தின் கதை முழுக்கப் புல்லில்தான் இருக்கிறது.

செரங்கெட்டி தேசியப் பூங்கா தான்சானியாவின் வடக்கில் 14,763 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது. அதன் வடக்கு எல்லையை ஒட்டி, கென்யாவுக்குள் மாசாய் மாரா காப்பகம், 1,510 சதுர கிலோமீட்டர். தென்கிழக்கில் ங்கொரொங்கோரோ மலைப்பகுதி. இவற்றுக்கிடையே வேலி கிடையாது. நாட்டு எல்லையில் ஆங்காங்கே நட்டுவைத்த எல்லைக்கல்தான். அங்கே மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் மா மொழியில் 'சிரிங்கெட்' என்றால் முடிவில்லாமல் நீளும் நிலம். இந்த மொத்தப் பரப்பிலும் சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட், இரண்டு லட்சம் வரிக்குதிரை, இன்னும் சில லட்சம் சிறு இரலைகள் ஆண்டுக்கு ஒரு சுற்று வருகின்றன என்பதுதான் நீண்டகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. செயற்கைக்கோள் படங்களில் தலைகளை எண்ணி 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வில்டபீஸ்ட் ஆறு லட்சத்துக்கும் குறைவு என்கிறது. எண்ணும் முறை மாறியதால் வந்த வித்தியாசமா, மந்தையே சுருங்கிவிட்டதா என்ற வாதம் நடக்கிறது.

வில்டபீஸ்ட்டை ஸ்வாஹிலியில் நியும்பு என்பார்கள். மாட்டுக் கொம்பு, குதிரைப் பிடரி, ஆட்டுத் தாடி. மிச்சம் மீதியை வைத்துச் செய்த பிராணி மாதிரி இருக்கும். இரலைக் குடும்பத்தில் அழகுப் போட்டி வைத்தால் கடைசி இடம் அதற்குத்தான். ஆனால் செரங்கெட்டியை இயக்குவது சிங்கமோ யானையோ அல்ல, இந்தப் பிராணிதான்.

மழை குறைந்த இடத்துக்கு ஏன் திரும்ப வேண்டும்?

மழையைத் தேடி மந்தை போகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி சரி. செரங்கெட்டியின் தென்கிழக்கில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழை. வடமேற்கில் 1,100 மில்லிமீட்டருக்கும் மேல். இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை ங்கொரொங்கோரோ மலைகள் மறித்துவிடுகின்றன. தேனி, கோவைப் பக்கத்துக்காரர்களுக்கு மழை மறைவு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வடக்கில்தான் மாரா ஆறு ஓடுகிறது, அந்தப் பகுதியில் வற்றாத ஒரே ஆறு. அப்படியென்றால் மந்தை வடக்கிலேயே இருந்துவிடலாமே? தண்ணீரும் உண்டு, இடுப்பளவு புல்லும் உண்டு. எதற்காக ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து, மரம்கூட இல்லாத வறண்ட தெற்குக்குத் திரும்ப வேண்டும்?

காரணம் சாம்பல். தென்கிழக்குச் சமவெளி மொத்தமும் எரிமலைச் சாம்பலின் மேல் விரிந்திருக்கிறது. அங்கே இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை ஓல் தொய்ன்யோ லெங்காய். மாசாய்களுக்கு அது கடவுளின் மலை. உலகத்தில் இப்போது இயங்கும் எரிமலைகளில் சோடியம் கார்பனேட் நிறைந்த குழம்பைக் கக்குவது இது ஒன்றுதான். மற்ற எரிமலைக் குழம்பின் வெப்பத்தில் ஏறத்தாழ பாதிதான் இதற்கு, 500 முதல் 600 டிகிரி. கறுப்பாக வழிந்து, ஈரம் பட்டதும் ஓரிரு நாளில் வெளுத்துப்போகும். இதுவும் இதன் பக்கத்து மலைகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கக்கிய சாம்பலைக் காற்று மேற்கே கொண்டுபோய்க் கொட்டியது. கடைசியாக 2007-08-இல் பெரிதாக வெடித்தது.

அந்தச் சாம்பல் மண்ணில் சுண்ணாம்பும் பாஸ்பரசும் சோடியமும் மிகுதி. மழை குறைவு என்பதால் இந்த உப்புகள் அடித்துப் போகப்படாமல் மண்ணிலேயே தங்கின. ஒரு மீட்டர் ஆழத்துக்குள் அவை இறுகிச் சுக்கான் தட்டு ஆகிவிட்டன. கிணறு தோண்டியவர்களுக்குத் தெரியும், கடப்பாரை முனை மழுங்கும் அந்த வெள்ளைச் சுக்கான். மர வேரால் அதைத் துளைக்க முடியாது. அதனால்தான் தெற்குச் சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லை. புல் மட்டும் விரலளவு உயரத்தில் வளர்கிறது. குட்டைப் புல், ஆனால் உப்பும் புரதமும் செறிந்த புல்.

பால் கொடுக்கும் தாய்க்குச் சுண்ணாம்பும் பாஸ்பரசும் வேண்டும். வடக்கின் உயரமான புல் வயிற்றை நிரப்பும், இந்தத் தேவையை நிரப்பாது. சினைப்பசு வைத்திருப்பவர்கள் தாது உப்புக் கலவை வாங்கிக் கொடுப்பதற்கு என்ன காரணமோ அதே காரணத்துக்காக ஒரு மந்தையே நடந்து வருகிறது.

மழை நவம்பரில் தொடங்கியதும் தெற்கே இறங்கும் மந்தை, ஜனவரி முதல் மார்ச் வரை ண்டுட்டு ஏரியைச் சுற்றிய குட்டைப் புல்வெளியில் தங்கும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள்; அவற்றில் பெரும்பகுதி பிப்ரவரியை ஒட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடும். கழுதைப்புலியும் சிங்கமும் சிவிங்கிப்புலியும் எவ்வளவுதான் தின்ன முடியும்? வயிறு நிறைந்த பின்னும் கன்றுகள் பிறந்துகொண்டே இருக்கும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் தாயோடு ஓடும்.

மே மாதம் மழை நின்றால் முதலில் கெடுவது தண்ணீர். குட்டைகள் வற்ற வற்ற உப்பு ஏறும். அப்புறம் குடிக்க முடியாது. புல்லும் காயும். மந்தை மேற்கே திரும்பி, க்ருமேட்டி ஆற்றைத் தாண்டி, ஜூலை ஆகஸ்டில் மாராவை அடையும். ஆக வடக்கு அவற்றுக்கு உயிர் பிழைக்கும் இடம், தெற்கு பிள்ளை பெறும் இடம். இரண்டில் ஒன்று போனாலும் இத்தனை லட்சம் மிருகம் இருக்க முடியாது.

மாட்டுக்கு வந்த நோய்

நிலம் இப்படி என்றால், இந்தப் 13 லட்சம் என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? ஆதிகாலம் தொட்டு அப்படியே இருக்கிறது என்றுதான் சுற்றுலாக்காரர்கள் நினைக்கிறார்கள். ஜெர்மானியர்களான பெர்ன்ஹார்ட் கிரிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் 1958-இல் வரிக்குதிரைபோலக் கோடு தீட்டிய சிறு விமானத்தில் பறந்து எண்ணியபோது கிடைத்தது ஒரு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. (அடுத்த ஜனவரியில் ஒரு பிணந்தின்னிக் கழுகு மோதி அந்த விமானம் விழுந்து மைக்கேல் இறந்தார். ங்கொரொங்கோரோ விளிம்பில் அவர் கல்லறை இருக்கிறது.) 1961-இல் இன்னும் கவனமாக எண்ணியபோது சுமார் 2,60,000. 1977-இல் அதுவே 13, 14 லட்சம். பதினாறு ஆண்டில் ஐந்து மடங்கு. யாரும் மிருகத்தைக் கொண்டுவந்து விடவில்லை, புல்லுக்கு உரம் போடவும் இல்லை.

நடந்தது வேறு. 1887-இல் செங்கடல் கரையில், எரித்திரியாவின் மஸ்ஸாவா துறைமுகத்தில், இத்தாலியப் படைக்கென்று மாடுகள் இறங்கின. அவை இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்டவை என்பது பரவலான கருத்து. அவற்றோடு இறங்கியது வெக்கை நோய். நம் ஊர்ப் பெரியவர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள்: காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் தொழுவம் காலி. ஆசியாவில் காலங்காலமாக இருந்த நோய் என்பதால் இங்குள்ள மாடுகளுக்குக் கொஞ்சமாவது தாங்கும் சக்தி இருந்தது. ஆப்பிரிக்க மாடுகளுக்கு அது துளியும் இல்லை. பத்தே ஆண்டில் நோய் கண்டத்தின் தென்முனைவரை போனது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பத்தில் எட்டு ஒன்பது மாடுகள் செத்தன. மாட்டோடு உறவுள்ள எருமை, வில்டபீஸ்ட், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் செத்தன.

மாடே வாழ்க்கையாக இருந்த மாசாய்களுக்கு அது உலகம் முடிந்த கதை. அதோடு பெரியம்மையும் பஞ்சமும் சேர்ந்துகொண்டன. அந்தக் காலத்தை அவர்கள் 'எமுதாய்' என்பார்கள், எல்லாம் துடைத்தழிந்தது என்று பொருள். 1892-இல் ங்கொரொங்கோரோவுக்கு வந்த ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பவ்மன், எலும்பும் தோலுமாக நடக்கும் பெண்களையும் குழந்தைகளையும் பார்த்ததாக எழுதிவைத்திருக்கிறார்.

மாடும் மனிதனும் போன இடத்தில் புதர் மண்டியது. புதரோடு ட்செட்சி ஈ வந்தது. அது தூக்க நோயைப் பரப்பும் ஈ. மிச்சமிருந்தவர்களும் விலகிப்போனார்கள். அதற்குப் பிறகுதான் ஐரோப்பிய வேட்டைக்காரர்களும் அதிகாரிகளும் வந்து பார்த்து, ஆகா, மனிதக் கால் படாத கன்னி நிலம் என்று வியந்தார்கள். அவர்கள் பார்த்தது கொள்ளை நோய்க்குப் பிந்திய வெறுமை. கிழக்கு ஆப்பிரிக்காவின் பூங்காக்கள் பலவற்றுக்கும் இந்த வியப்புதான் அடித்தளம். என்னைக் கேட்டால், இந்த ஒரு தப்பெண்ணம் வெக்கை நோய்க்கு அடுத்தபடியான சேதத்தைச் செய்திருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நோய் அதோடு ஒழியவில்லை. கன்றுக்குத் தாய்ப்பாலில் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி சில மாதம் தாங்கும். அது தீர்ந்ததும் நோய் பிடிக்கும். அப்படி ஆண்டுதோறும் செரங்கெட்டியில் கன்றுகள் செத்துக்கொண்டே இருந்தன. கென்யாவின் முகுகாவில் வால்டர் ப்ளோரைட் குழு உருவாக்கிய தடுப்பூசி, 1960-ஐ ஒட்டி, பூங்காவைச் சுற்றியிருந்த ஊர் மாடுகளுக்குப் போடப்பட்டது. காட்டு மிருகத்துக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லை. ஆனாலும் 1963-க்குள் நோய் காட்டுக்குள்ளும் நின்றுவிட்டது. காட்டிலிருந்து மாட்டுக்கு வருகிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள், உண்மை தலைகீழ். ஓராண்டைத் தாண்டிப் பிழைக்கும் கன்றுகள் இரண்டு மடங்காயின. மீதிக் கணக்கைக் கூட்டு வட்டி பார்த்துக்கொண்டது.

இந்தியாவில் இந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995-இல், நம் வட ஆற்காட்டுப் பக்கத்தில். உலகத்தில் கடைசியாகப் பிடிபட்டது 2001-இல், கென்யாவின் மேரு தேசியப் பூங்கா எருமைகளில். 2011-இல் அறவே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் இது. செரங்கெட்டியில் ஜீப்பில் நின்று படம் எடுக்கும் எத்தனை பேருக்கு, தாம் பார்ப்பது ஒரு மாட்டு ஊசியின் விளைவு என்று தெரியும்?

மந்தை பெருகியதும் நிலத்தின் முகமே மாறியது. இத்தனை லட்சம் வாய் மேய்ந்தால் காய்ந்து நிற்கப் புல் மிஞ்சாது. காய்ந்த புல் இல்லையென்றால் தீ பரவாது. 1960களின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் செரங்கெட்டியின் பெரும்பகுதி எரிந்துகொண்டிருந்தது. பிறகு அது வெகுவாகக் குறைந்தது. தீ குறைந்ததும் வேலமரக் கன்றுகள் தலையெடுத்தன, அவற்றைத் தின்னும் ஒட்டகச்சிவிங்கி பெருகியது. மந்தையைத் தின்னும் சிங்கமும் கழுதைப்புலியும் பெருகின. எரிந்து கரியை (கார்பனை) காற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நிலம், கரியைச் சேமிக்கும் நிலமாக மாறிவிட்டது என்று 2009-இல் ஒரு கணக்கு வந்தது.

படங்களில் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் குடைபோல விரிந்து நிற்குமே, அந்த மரமும் இந்தக் கதைக்குள்தான் வரும். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக் குடைவேல மரத்தின் உறவினர் அது. மன்யாரா ஏரிப் பூங்காவில் அவற்றின் வயதைப் பார்த்தால் ஒரு தொகுதி 1880களின் இறுதியில் முளைத்தது, இன்னொன்று 1961-ஐ ஒட்டி. இடையிலே முளைத்தவை அரிது. முளையைக் கடிக்கும் மிருகங்கள் நோயில் கூட்டமாகச் செத்த நேரத்தில் மட்டும்தான் கன்றுகளால் மரமாக வளர முடிந்திருக்கிறது.

கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவில் இதே ஆட்டத்தை யானை ஆடியது. யானைகள் பெருகி மரங்களைச் சாய்த்துக் காட்டைப் புல்வெளி ஆக்கின. 1970-71 பஞ்சத்தில் குறைந்தது 6,000 யானைகள் பட்டினியில் செத்தன. அப்புறம் தந்த வேட்டைக்காரர்கள் வந்தார்கள். 1980களின் இறுதியில் யானைகள் ஒரு சிறு பங்காகக் குறைந்தபோது மரங்கள் திரும்பி வந்தன. அப்போது போனவர்களும் இப்போது போகிறவர்களும் பார்ப்பது ஒரே சாவோ இல்லை.

ஊரிலிருந்து காட்டுக்கு நோய் போவதும் நிற்கவில்லை. 1994-இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி செரங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது, சுமார் ஆயிரம். அதன் பிறகு சுற்றுவட்டார ஊர் நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள்.

யாரும் இல்லாத நிலமா?

செரங்கெட்டியின் ஓரத்தில் லெட்டோலி என்ற இடத்தில், நனைந்த எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்களைத் தொல்லியலாளர் மேரி லீக்கியின் குழு 1970களில் கண்டெடுத்தது. நிமிர்ந்து நடந்த நம் மூதாதைகளுடையவை, 36 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை. உலகத்தில் மனிதக் கால் படாத இடம் என்று சொல்ல இதைவிடப் பொருந்தாத இடம் கிடைக்காது!

மாடு மேய்ப்பவர்களும் அங்கே புதியவர்கள் இல்லை. தென்மேற்குக் கென்யாவில், 1,500 முதல் 3,700 ஆண்டுகளுக்கு முந்திய மாட்டுப்பட்டிகள் இருந்த இடங்களின் மண்ணை ஆராய்ந்து 2018-இல் முடிவுகள் வெளியாயின. சாணம் மக்கிய அந்த வட்டங்களில் இன்னும் பாஸ்பரசும் சுண்ணாம்பும் மிகுதி. சுற்றியிருப்பதைவிடச் செழித்த புல். காட்டு மிருகங்கள் அங்கேதான் கூடி மேய்கின்றன, மேய்ந்த இடத்திலேயே சாணியும் போடுகின்றன. வயலில் ஆட்டுக்கிடை போட்டவர்களுக்கு இது புரியும். மூவாயிரம் ஆண்டுக்கு முன் போட்ட கிடைக்கு இன்னும் பலன் இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

ஆனால் 1951-இல் தேசியப் பூங்கா ஆனபோது மேய்ப்பவர்கள் இடைஞ்சல் என்று பார்க்கப்பட்டார்கள். 1959-இல் மாசாய்கள் செரங்கெட்டியைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பதிலாக ங்கொரொங்கோரோவைத் தனிப் பாதுகாப்புப் பகுதியாகப் பிரித்து, அங்கே மனிதரும் மிருகமும் சேர்ந்து வாழலாம் என்றார்கள். அந்தச் சொல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. முதலில் உழவுக்குத் தடை; இப்போது சில ஆண்டுகளாகப் பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ம்சோமேராவுக்கு இடம்பெயரச் சொல்கிறார்கள். 2022 ஜூனில் பக்கத்து லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தைக் காப்பகமாக்கக் கல் நட்டபோது போலீசுக்கும் மாசாய்களுக்கும் மோதல் நடந்தது. மக்கள்தொகையும் மாடுகளும் பெருகிவிட்டன என்கிறது அரசு. அது பொய்யும் இல்லை. ஆனால் அதே நிலத்தில் சொகுசு விடுதிகளுக்கு இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கென்யாவில் மாராவைச் சுற்றி 2000களின் நடுவிலிருந்து வேறொரு வழி நடக்கிறது: நிலம் மாசாய்க் குடும்பங்களின் பெயரிலேயே இருக்கும், சுற்றுலா நிறுவனங்கள் மாத வாடகை கொடுக்கும், மாட்டை எப்போது எங்கே மேய்ப்பது என்று இரு தரப்பும் பேசி முடிவுசெய்யும். அதிலும் குறைகள் உண்டு, கொரோனா காலத்தில் வாடகைப் பணம் தடுமாறியது. ஆனாலும் நிலத்துக்காரரைத் துரத்தாத ஏற்பாடு என்ற அளவில் எனக்கு அதுதான் மேல் என்று படுகிறது.

ஆறும் வேலியும்

சரி, ஆற்றுக்கு வருவோம். 2001 முதல் 2015 வரையான கணக்கில், மாராவில் ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட் மூழ்கிச் செத்திருக்கின்றன, சுமார் 1,100 டன். மந்தையில் இது நூற்றில் ஒன்றுகூட இல்லை. நெரிசலும் செங்குத்தான கரையும்தான் பெரும்பாலும் காரணம், முதலையின் பங்கு சொற்பம். கழுகும் மாரபூ நாரையும் கொஞ்சம் தின்னும்; சதை சில வாரங்களில் கரையும்; எலும்பு ஏழு ஆண்டுவரை ஆற்றடியில் கிடந்து மெல்ல மெல்லப் பாஸ்பரசை விடும். அதன்மேல் படரும் பாசியை மீன்கள் மேயும். எரிமலை கக்கிய சத்து புல் வழியாக மந்தையில் ஏறி, ஆற்றில் இறங்கி, கடைசியில் விக்டோரியா ஏரிக்குப் போகிறது.

இந்த ஆற்றின் தலை கென்யாவின் மௌ காட்டில். அந்தக் காடு பல பத்தாண்டுகளாக வெட்டப்பட்டு வயலாகிக்கொண்டிருக்கிறது. தெற்கே தான்சானியா 2010-இல் செரங்கெட்டியின் வடபகுதிக்குக் குறுக்கே நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டது. 2014-இல் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் அங்கே தார்ச்சாலை கூடாது என்று தீர்ப்பளித்தது. சாலை வந்தால் மந்தை என்னவாகும் என்று உலகமே பேசியது.

அதற்கு வெகு முன்பே ஒரு மந்தை போய்விட்டது, யாரும் பெரிதாகப் பேசவில்லை. கென்யாவுக்கு என்று தனியாக ஒரு வில்டபீஸ்ட் கூட்டம் இருந்தது. மழைக்காலத்தில் மாராவுக்கு வடகிழக்கே லொய்ட்டா சமவெளியின் குட்டைப் புல்லில் கன்று போடும். காய்ந்ததும் மாராவுக்கு வரும். செரங்கெட்டிக் கதையேதான், அளவில் சிறியது. லொய்ட்டாவின் நல்ல மண் மிருகத்துக்கு மட்டும் பிடித்ததில்லை; 1970களின் இறுதியிலிருந்து அங்கே டிராக்டர் வைத்துக் கோதுமை போட்டார்கள். 1977-இல் 1,19,000 இருந்த கூட்டம் இருபதே ஆண்டில் 22,000 ஆனது. மாரா காப்பகத்தின் எல்லை அப்படியே இருந்தது, ஆறும் அப்படியே ஓடியது. கன்று போடும் புல்வெளி மட்டும் எல்லைக்கு வெளியே இருந்தது. அண்மை ஆண்டுகளில் கோதுமை போகாத இடத்திலும் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கம்பி வேலி போட்டு வருகிறார்கள். ஜூலையில் மாராக் கரையில் கேமராவோடு காத்திருப்பவர்கள் இன்று பார்ப்பதெல்லாம் ஏறக்குறைய தெற்கே ண்டுட்டுப் பக்கம் பிறந்து வந்தவற்றைத்தான்.